இன்பத்தை ஆராய்ந்த துறவி

1972ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் இளைஞர் ஒருவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ச்சி செய்த இடம் பாஸ்டர் நிறுவகம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்ட லூயி பாஸ்டரின் பெயரைத் தாங்கிய அந்நிறுவகத்திலே ஓரிடம் கிடைப்பது உயிரியல் கற்ற எவருக்கும் பெரும்பேறு. அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவரோ பிரான்சுவா ஜாக்கொப். 1965ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் அவர் ஒருவர். அத்தகைய ஆசானிடம் பயின்று பட்டமும் பெற்ற ஒருவர் அடுத்து என்ன செய்வார்? வேறொரு புகழ்பெற்ற ஆய்வுகூடத்திற் சில ஆண்டுகள் உழைப்பார். காலம் கனியப் பேராசிரியராவார். ஆனால், மத்தியூ ரிக்கார் என்னும் அந்த இளைஞர் தம் நுணுக்குக்காட்டியை மூடி வைத்துவிட்டு, இமயமலைச் சாரலிலுள்ள டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டார். அங்கே திபெத்திய முதியவர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். மேலைநாட்டு விஞ்ஞானி என்ற பெயர் அன்றோடு அவரை விட்டு நீங்கியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின்னர், விஞ்ஞானமே அவரைத் தேடி வந்தது. அந்த இரண்டு பயணங்களுக்கும் இடைப்பட்ட கதையே இப்பேச்சின் பொருள்.

ரிக்கார் 1946ஆம் ஆண்டு பிரான்சிலே பிறந்தார். அவர் பிறந்த வீடு சாதாரண வீடன்று. தந்தை ழான் பிரான்சுவா ரெவெல் நாடறிந்த தத்துவ அறிஞர், பத்திரிகையாளர். பிற்காலத்திலே, 1997இல், பிரெஞ்சுக் கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்யப்பட்டவர். கடவுள் நம்பிக்கை அற்றவர், எச்சமயத்துக்கும் தலைவணங்காதவர். தாய் யான் லெ தூமெலன் ஓவியர். தாய்மாமனாரோ தனி ஒருவராகப் பாய்க்கப்பலிற் புவியைச் சுற்றிவந்து புகழ்பெற்றவர். வீட்டுக்கு விருந்தினராக வருவோர் எழுத்தாளரும் ஓவியரும் இசைவாணரும் சிந்தனையாளருமே. இகோர் ஸ்திராவின்ஸ்கி போன்ற இசைமேதையோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் வாய்ப்பும் பதின்ம வயதிலேயே அவருக்குக் கிட்டியது.

இத்தகைய சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு ஓர் ஐயம் பிறந்தது. அங்கு வந்த மேதைகளின் திறமை வியக்கத்தக்கது. அத்திறமையைத் தாமும் பெறவேண்டும் என்று எவரும் விரும்புவர். ஆனால், அவர்களைப் போன்ற மனிதராக வேண்டும் என்று எண்ண முடிந்ததா? மேதைகளிலே நல்லவரும் இருந்தனர், சிடுசிடுப்பவரும் இருந்தனர். அமைதி உடையவரும் இருந்தனர், அலைக்கழிபவரும் இருந்தனர். தோட்டக்காரர்களைக் கூட்டிவைத்துப் பார்த்தாலும் இதே கலவையைத்தான் காணலாம். கலைத்திறனுக்கும் மனநிறைவுக்கும் இடையே தொடர்பேதும் தென்படவில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஓர் இளைஞன் இத்தகைய முடிவுக்கு வருவது ஆபத்தானது. ஏனெனில், அதன்பின் அவன் எதைப் பின்பற்றி வளர்வது?

அந்நாளிலே பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஆர்னோ தெஜார்தன், திபெத்திலிருந்து அகதிகளாக வந்த குருமாரைப் பற்றி விவரணப் படங்கள் எடுத்திருந்தார். அவற்றைப் பார்த்த ரிக்காரின் மனத்தில் அம்முதியோரின் முகங்கள் பதிந்துவிட்டன. அவர்கள் பேசியதைக் காட்டிலும், அவர்கள் இருந்த இருப்பே அவரைக் கவர்ந்தது. 1967ஆம் ஆண்டு கோடையில் அவர் டார்ஜிலிங்குக்குச் சென்று கங்கியூர் ரின்போச்சே என்னும் குருவைக் கண்டார். திபெத்திலிருந்து வெளியேறியபோது பெருந்தொகையான ஏட்டுச்சுவடிகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த பெரியார் அவர். மரவீட்டிலே எளிமையாக வாழ்ந்தார். அவரிடம் தங்கிய சில வாரங்களில், இளமையிலே எழுந்த ஐயத்துக்கு விடை ஒன்று உயிரோடு எதிரே அமர்ந்திருப்பதாக ரிக்காருக்குத் தோன்றியது.

எனினும் அவர் உடனே துறவு பூண்டாரல்லர். பாரிஸ் திரும்பி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். குடலில் வாழும் பற்றீரியா ஒன்றின் கலம் எவ்வாறு இரண்டாகப் பிரிகின்றது என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஆண்டுதோறும் விடுமுறையில் டார்ஜிலிங் செல்வார். ஆய்வுகூடத்திலே அமர்ந்திருக்கும்போது மனம் மலையை நாடும். மலையிலே இருக்கும்போது ஆய்வுகூடம் நினைவுக்கு வராது. இதனை அவரே பின்னாளிற் குறிப்பிட்டுள்ளார். ஐந்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. தொடங்கிய ஆராய்ச்சியை முடித்துப் பட்டத்தையும் பெற்ற பின்னரே அவர் வெளியேறினார். இவ்விடயம் கவனிக்கத்தக்கது. தோல்வியுற்றுத் துறவு பூண்டவர்கள் பலர் உளர். தேர்ச்சி பெற்ற பின்னர் துறந்தவர்கள் சிலரே.

தந்தை மனம் நொந்தார் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் தடுத்தாரல்லர். தாமே சிந்தனைச் சுதந்திரத்துக்காக வாதாடியவர், மகனின் சுதந்திரத்தை மறுப்பது எவ்வாறு? கங்கியூர் ரின்போச்சே 1975இல் மறைந்தார். எழுபதுகளின் இறுதியிலே ரிக்கார் முறைப்படி துறவு பூண்டார். அதன்பின், டில்கோ கியென்ட்சே ரின்போச்சே என்ற மற்றொரு பெருங்குருவுக்கு, அவர் 1991இல் மறையும் வரை, அணுக்கத் தொண்டராக இருந்தார். பூட்டானிலும் நேபாளத்திலும் அக்குருவின் அறைக்கு அருகே படுத்து, அவர் எழுமுன் எழுந்து, அவர் சொன்ன சுவடிகளைப் பெயர்த்து எழுதி, அவர் உருவத்தை நிழற்படங்களாக எடுத்து வாழ்ந்த ஆண்டுகள் அவை. அந்த நீண்ட காலத்தில் பத்திரிகையோ விஞ்ஞானச் சஞ்சிகையோ அவர் கைக்கு எட்டியது அரிது. காத்மாண்டு நகரின் போதநாத தூபிக்கு அருகே எழுந்த ஷேச்சென் விகாரை அவருடைய இருப்பிடமாயிற்று.

மகன் மறைந்துபோய்விட்டான் என்று பாரிஸ் நண்பர்கள் கருதியிருந்த வேளையில், 1996ஆம் ஆண்டு, எழுபத்திரண்டு வயதான தந்தை ரெவெல் நேபாளத்துக்கு வந்தார். காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்கு மேலேயுள்ள மலைச்சாரலில் அமர்ந்து தந்தையும் மகனும் நாட்கணக்காக உரையாடினார்கள். அவ்வுரையாடல் 1997இல் ‘துறவியும் தத்துவ அறிஞரும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்து பிரான்சிலே பெருவரவேற்புப் பெற்றது. உலகின் பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

அந்நூலின் சிறப்பு, எவரும் எவரையும் வெல்லவில்லை என்பதே. தந்தை வினவியது கடுமையான வினா. விஞ்ஞானம் ஒவ்வொரு நாளும் மனித குலத்துக்குப் பயன்படும் மெய்ம்மைகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க, அதனை விட்டுவிட்டு ஒருவன் தன் மனத்தைத் தானே பார்த்துக்கொண்டு மலையில் அமர்ந்திருப்பது தன்னலமன்றோ? மகன் கூறிய விடையின் சாரம் இது: விஞ்ஞானம் தரும் அறிவு சிறந்ததே, ஆயினும் பகை, பொறாமை, பேராசை ஆகியவற்றால் ஒருவன் படும் துன்பத்தை அது தொடுவதில்லை. தம் மனத்தையே ஆளத் தெரியாதவர்கள் கையிலே கொடுத்த அறிவு எப்பக்கமும் வெட்டும். தந்தையும் ஒன்றை ஒப்புக்கொண்டார். மேலைத் தத்துவம் பண்டைக் கிரேக்கர் காலத்தில் நல்வாழ்வு வாழும் வழியாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பின்னர் அது அப்பணியைக் கைவிட்டுவிட்டது. அந்த வெற்றிடத்தையே பௌத்தம் நிரப்புகின்றது என்றார். ஆனால், மறுபிறப்பு முதலிய கொள்கைகளை இறுதிவரை அவர் ஏற்கவில்லை. பௌத்தத்தை ஒரு வாழ்க்கை ஞானமாக மதித்தார். மெய்ப்பொருளியலாக ஏற்க மறுத்தார்.

ரிக்கார் பேசும் இன்பம் யாது என்பதை இங்கே சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். வீதியிலே ஒருவரை ஒருவர் கண்டால் ‘சுகமோ?’ என்று வினவுவது தமிழர் வழக்கம். சமஸ்கிருதத்திலும் பாளியிலும் வழங்கும் ‘சுக’ என்ற சொல்லையே ரிக்கார் தம் கொள்கைக்கு ஆதாரமாகக் கொள்கின்றார். அதன் எதிர்ச்சொல் ‘துக்கம்’. பௌத்தம் பயிலும் நாட்டிலே அச்சொல்லை அறியாதார் இலர். சுகம் வேறு, புலன்வழி வரும் களிப்பு வேறு என்பதே அவர் வாதம். சித்திரை வெயிலில் நடந்து வந்தவனுக்கு முதற்குவளை மோர் அமிழ்தம், இரண்டாவது நன்று, ஐந்தாவதைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தால் அது தண்டனை. பொருளும் மாறவில்லை, பருகுபவனும் மாறவில்லை. களிப்பு மட்டும் மறைந்துவிட்டது. அதன் இயல்பு அது. தேயத் தேயத்தான் அது நுகரப்படும். சுகமோ இன்னதொரு பொருளைப் பற்றி நிற்பதன்று. துயரம் வந்த வேளையிலும் அடித்தளத்திலே நிலைத்திருக்கக்கூடிய நிறைவு அது. கடலின் மேற்பரப்பிலே புயல் அடிக்கும்போதும் ஆழத்திலே நீர் அமைதியாக இருப்பதை அவர் உவமையாகக் காட்டுவதுண்டு.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. அந்நிறைவு பிறவிப்பேறன்று, பயிற்சியால் வருவது என்கின்றார் அவர். தியானத்தைக் குறிக்கும் திபெத்தியச் சொல்லுக்குப் பொருள் ‘பழகுதல்’. பாளி மொழியில் வழங்கும் ‘பாவனா’ என்ற சொல்லுக்குப் பொருள் ‘வளர்த்தல்’. வீணை பழகுபவன் விரலைப் பழக்குவது போல அன்பையும் பொறுமையையும் நாள்தோறும் பழகலாம் என்பது கருத்து. அழகான கருத்துத்தான், ஆனால் பாஸ்டர் நிறுவகத்திலே பயின்ற ஒருவர் இவ்வாறு கூறும்போது, சான்று எங்கே என்று கேட்பதற்கு உலகுக்கு உரிமை உண்டு. அச்சான்றுக்குத் தம் தலையையே அவர் கொடுத்தார்.

2000ஆம் ஆண்டிலே தரும்சாலாவில் தலாய் லாமாவின் முன்னிலையில் விஞ்ஞானிகள் சிலர் கூடி, மனத்தைக் கெடுக்கும் உணர்ச்சிகளைப் பற்றி ஆராய்ந்தனர். ரிக்காரும் அங்கிருந்தார். தியானத்தின் பயனை ஆய்வுகூடத்திலே சோதித்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. அதன் விளைவாக, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே ரிச்சட் டேவிட்சன் என்னும் மூளை ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் திபெத்தியத் தியானிகள் எண்மரை அழைத்தனர். ஒவ்வொருவரும் தம் வாழ்நாளிலே 10,000 முதல் 50,000 மணி நேரம் வரை தியானம் செய்தவர்கள். நாள்தோறும் மூன்று மணி நேரம் தியானத்தில் இருப்பவருக்கு 10,000 மணி நேரம் நிறைவெய்த ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்செல்லும். 50,000 மணி நேரத்துக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் வேண்டும். இவர்களோடு ஒப்பிடுவதற்கு, ஒரு வாரம் மட்டும் தியானம் பழகிய மாணவர் பதின்மரையும் தெரிந்தெடுத்தனர்.

தலையோட்டின் மேல் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். எவரையும் குறித்துச் சிந்திக்காமல், எல்லா உயிரிடத்தும் பரவும் கருணையிலே மனத்தை நிறுத்துமாறு கூறினார்கள். அவ்வேளையில், தியானிகளின் மூளையிலே வினாடிக்கு 25 முதல் 42 முறை அதிரும் அலைகள் மிக வலிமையாக எழுந்தன. மூளையின் வெவ்வேறு பகுதிகளும் ஒரே தாளத்தில் இயங்கின. மாணவரிடத்தே அத்தகைய எழுச்சி சிறிதளவே காணப்பட்டது. தியானம் தொடங்குமுன், சும்மா இருக்கும்போதே தியானிகளின் அலைகள் வேறுபட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. அக்கட்டுரை 2004ஆம் ஆண்டு வெளியாயிற்று. கட்டுரையை எழுதியோர் வரிசையிலே ரிக்காரின் பெயரும் உண்டு. சோதித்தவரும் சோதனைக்கு உட்பட்டவரும் ஒருவரே என்ற விந்தை விஞ்ஞான உலகில் அடிக்கடி நிகழ்வதன்று.

இங்கே நிதானம் வேண்டும். தியானிகள் எண்மர் மட்டுமே. அவர்களின் சராசரி வயது 49. மாணவரின் சராசரி வயது 21. வயதும் ஊரும் உணவும் உறக்கமும் வேறுபட்ட இரு கூட்டத்தாரிடையே காணப்படும் வேற்றுமை முழுவதையும் தியானத்தின் கணக்கில் எழுத முடியாது. அவர்கள் பிறவியிலேயே வேறுபட்ட மூளை உடையவராய் இருந்தமையால் தியானத்தை நாடினார்கள் என்று வாதிட்டாலும் அச்சோதனை ஒன்றைக் கொண்டு மறுக்க இயலாது. 2005இல் நரம்பியல் அறிஞரின் பெருமாநாட்டிலே தலாய் லாமா பேச வந்தபோது, விஞ்ஞானத்திலே சமயம் நுழையலாகாது என்று நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிட்டு எதிர்ப்புத் தெரிவித்ததும் உண்டு. அவர்களுடைய அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று.

பத்திரிகைகளுக்கோ நிதானம் இல்லை. 2007ஆம் ஆண்டளவில் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘உலகிலேயே மிக இன்பமான மனிதர்’ என்ற பட்டத்தை ரிக்காருக்குச் சூட்டின. மூளையின் மின்னலை இன்பத்தை அளக்கும் கோலன்று. கருணைத் தியானத்தின்போது எழுந்த ஒரு குறியை இன்பத்தின் அளவு என்று கொண்டது பத்திரிகையாளரின் கைச்சரக்கு. உலகத்து மாந்தர் அனைவரையும் அளந்து பார்த்தா முதலிடம் கொடுத்தார்கள் என்று ரிக்காரே நகைத்தார். மீண்டும் மீண்டும் மறுத்தார். ஆயினும் அப்பட்டம் அவரை விட்டு நீங்கவில்லை.

உண்மையிலே ஆழமான செய்தி வேறொரு சோதனையிற் கிடைத்தது. அதே 2007ஆம் ஆண்டில், ஒல்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரிலே, தானியா சிங்கர் என்னும் ஜேர்மானிய ஆராய்ச்சியாளர், ரிக்காரின் மூளையைக் காந்தப்புலக் கருவியினுட் படுக்கவைத்து ஆராய்ந்தார். பிறர் துன்பத்தைக் காணும்போது, அத்துன்பம் தமக்கே வந்தாற்போல மூளையின் சில பகுதிகள் இயங்கும் என்பது ஏற்கெனவே அறியப்பட்டது. ரிக்கார் கருணைத் தியானத்தில் அமர்ந்தபோதோ அப்பகுதிகள் எதிர்பார்த்தவாறு இயங்கவில்லை. முற்றிலும் வேறான பகுதிகள் இயங்கின. வியப்புற்ற சிங்கர், கருணையை விலக்கிவிட்டு, பிறர் துன்பத்தை உணர்வதை மட்டும் செய்யுமாறு வேண்டினார்.

ரிக்கார் முதல்நாள் இரவு, ருமேனியாவிலே கவனிப்பாரற்றுக் கிடந்த ஊனமுற்ற குழந்தைகளைப் பற்றிய விவரணப் படம் ஒன்றைப் பார்த்திருந்தார். எலும்பும் தோலுமாய், தொட்டாலே என்பு முறியும் நிலையிலே இருந்த குழந்தைகள் அவை. அவர்களை மனத்திலே நிறுத்தி, அவர்கள் படும் வேதனையைத் தம் வேதனையாக்கிக் கொண்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அவர் தளர்ந்துபோனார். முப்பதாண்டுத் தியானப் பயிற்சி உடையவர் தாங்கமாட்டாத சோர்வை அடைந்தார். கருவியிலிருந்து வெளியேறுகிறீரா, அன்றிக் கருணைத் தியானத்தைத் தொடங்குகிறீரா என்று கேட்டபோது, தொடங்குகிறேன் என்றார். குழந்தைகளின் உருவம் மனத்திலே முன்போலவே தெளிவாக நின்றது. துன்பம் சற்றும் குறையவில்லை. ஆனால் அவர்கள்பால் அன்பு பெருகியதும், பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பச் செய்த அதே காட்சி, அருகே செல்லத் துணிவு தரும் காட்சியாயிற்று என்று அவர் பின்னர் விவரித்தார்.

நோயாளரைப் பராமரிக்கும் தாதியரும் வைத்தியரும் சில ஆண்டுகளிலே மனம் வரண்டுபோவதைக் கண்ட எவரும் இச்சோதனையின் பெறுமதியை உணர்வர். கருணை மிகுந்ததால் அவர்கள் களைத்தார்கள் என்றே உலகம் எண்ணிவந்தது. களைப்படையச் செய்வது கருணையன்று. கருணையாக மாறாத வேதனையே அவ்வாறு செய்கின்றது என்பது ரிக்காரும் சிங்கரும் கண்ட கருத்து. எண்மருக்கு எதிரான ஐயம் இங்கும் எழலாம் என்பதால், துறவிகள் அல்லாத சாதாரண மக்களைக் கொண்டும் சோதித்தனர். பிறர் துன்பத்தை உணரும் பயிற்சி பெற்றோரிடம் மனவேதனை மிகுந்தது, பின்னர் அவர்களுக்கே கருணைப் பயிற்சி அளித்தபோது அவ்வேதனை தணிந்தது, நல்லுணர்ச்சி மேலோங்கியது. மூளையிலும் வெவ்வேறு பகுதிகள் மாற்றமடைந்தன. இம்முடிவுகள் 2014ஆம் ஆண்டளவில் வெளியாயின. பயிற்சிக் காலமோ சில நாட்களே.

தமிழ் நேயர்களுக்கு இவ்வேற்றுமை முற்றிலும் புதியதன்று. வள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து அதனை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமைக்கு வேறோர் அதிகாரம் வகுத்துத் துறவறவியலின் தொடக்கத்தில் வைத்தார். தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரையாசிரியர் பிரித்துக் காட்டினர். ரிக்கார் அறிந்திருக்க வாய்ப்பில்லாத இப்பாகுபாடு அவருடைய சோதனையோடு முழுதும் ஒன்றாகிவிடாது. ஆயினும் அவர் பேசும் கருணைக்குத் தமிழிலே நிகரான சொல் தேடுவோர் ‘அருள்’ என்பதைக் கடந்து செல்லவேண்டியதில்லை.

தந்தை கேட்ட கேள்விக்கு, தன்னலமன்றோ என்ற அக்கேள்விக்கு, மற்றொரு விடையும் உண்டு. அது ஆய்வுகூடத்தில் இல்லை. தந்தையோடு எழுதிய நூலாலும் பிற நூல்களாலும் வந்த வருவாயைத் தமக்கென வைத்துக்கொள்ளாத ரிக்கார், 2000ஆம் ஆண்டிலே ‘கருணா ஷேச்சென்’ என்னும் அறநிலையத்தை நிறுவினார். இந்தியாவிலும் நேபாளத்திலும் திபெத்திலும் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் அதன்வழி எழுந்தன. 2015ஆம் ஆண்டு நேபாளத்தைப் பூமியதிர்ச்சி நிலைகுலைத்தபோது, அந்நிலையத்தார் மலைக்கிராமங்களுக்கு உணவும் கூரைத்துணியும் கொண்டு சென்றனர்.

ரெவெல் 2006ஆம் ஆண்டிலே காலமானார். பௌத்தராகாமலே மறைந்தார். மகன் அவரை மாற்ற முயலவும் இல்லை. ஓவியரான தாயோ முன்னரே திபெத்தியக் குருமாரை அடைந்து, தாமும் துறவுடை தரித்துக்கொண்டவர். அவர் நூறாண்டை எட்டும் தறுவாயில் 2023இல் மறைந்தார். அவருடைய முதுமைக் காலத்திலே, மலையை விட்டு இறங்கிவந்து, மகன் பிரான்சிலே அவர் அருகிலிருந்து பணிவிடை செய்தார்.